எல்லாமே பிரெஞ்சு விளக்கு இல்லை

நம்மூரில் ஐம்பது வருடத்துக்கு முந்தைய எந்தச் சாமானுக்கும் ஒரே பெயர்தான். நாற்காலியா, பிரெஞ்சு. கண்ணாடி அலமாரியா, பிரெஞ்சு. பீங்கான் பொம்மையா, மேசை விளக்கா, அதுவும் பிரெஞ்சு. பழைய சாமான் கடைக்காரர் அப்படிச் சொல்கிறார், வெள்ளைக்காரத் தெருவில் ஓட்டல் நடத்துகிறவர் அப்படிச் சொல்கிறார், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தலையாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர்களான நாமும் அதையே சொல்லப் பழகிவிட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எனக்குப் பிரெஞ்சுமேல் கோபம் ஒன்றும் இல்லை. பிரெஞ்சில் படித்து, பிறகு புதுச்சேரி அரசாங்கத்தில் இங்கிலீஷில் நோட் போட்டுப் பென்ஷன் வாங்கியவன் நான். கோபம் எல்லாம் தப்பான பதிவுமேல்தான். ஆபீசில் ஸ்டாக் ரிஜிஸ்டர் பார்த்தவர்களுக்குத் தெரியும். விவரம் என்று ஒரு பத்தி இருக்கும். அதில் முதல் குமாஸ்தா ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதிவிட்டால் அவ்வளவுதான். அடுத்த வருடம் வருகிறவர் அதைப் பார்த்து எழுதுவார், அதற்கடுத்தவர் அவரைப் பார்த்து எழுதுவார். இருபது வருடம் கழித்துப் பொருளைப் பார்க்கிறவன், 'ரிஜிஸ்டரில் இப்படி இருக்கிறதே' என்று பொருளின்மேல்தான் சந்தேகப்படுவான். நம் வீட்டு விளக்குகளுக்கும் பொம்மைகளுக்கும் இப்போது நடந்துகொண்டிருப்பது இதுதான்.

எங்கள் பெரியப்பா வீட்டு விளக்கையே எடுத்துக்கொள்கிறேன். சலோனில், புஃபேயின் மேல் இருந்தது. பழைய செப்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் வருமே, அப்படி ஒரு பச்சை. உடம்பெல்லாம் பூவும் இலையும் கீறி, கீறலுக்குள் பூச்சு தேங்கி நிற்கும். பெரியப்பா 1930-களில் சைகோனுக்குப் போய் அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர். 1956-இல் குடும்பத்தோடு திரும்பி வந்தபோது, துணிக்குள் சுற்றி அந்த விளக்கும் வந்தது. பெரியம்மா வியட்நாம்காரர். நம்மூரில் இது புதிதல்ல என்று உங்களுக்குத் தெரியும். சைகோன்காரர் வீடு என்று சொன்னாலே நெம் வறுக்கும் வாசனை நினைவுக்கு வருகிற தலைமுறை நாம். அந்த விளக்கைத் துடைக்க அவர் யாரையும் விட்டதில்லை.

போன வருடம் வீட்டை விற்பதாக முடிவானது. அண்ணன் மகன் பிரான்சிலிருந்து பத்து நாள் லீவில் வந்தான். கடைக்காரர் ஒருவர் வந்து சாமான்களுக்குப் பட்டியல் போட்டார். 'பிரெஞ்சு மேசை விளக்கு, ஒன்று' என்று எழுதினார். பையன் தன் போனில் விளக்கைப் படம் பிடித்துத் தேடிவிட்டு, "சித்தப்பா, இது ஜெர்மன் ஜாடியாம்" என்றான். நான் விளக்கை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினேன். அடியில் பியென் ஹோவா என்ற ஊர்ப் பெயர் பதித்திருந்தது.

பியென் ஹோவா சைகோனுக்கு வடகிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில், தோங் நாய் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். அங்கே 1903-இல் பிரெஞ்சு அரசு ஒரு தொழிற்பள்ளி ஆரம்பித்தது. மண்பாண்டமும் வெண்கல வார்ப்பும் அதன் முக்கியப் பாடங்கள். 1923-இல் ரொபேர் பாலிக் என்பவர் அதற்குத் தலைவரானார். அவர் மனைவி மரியேத் பாலிக் மண்பாண்டப் பிரிவைக் கவனித்தார். அந்த அம்மாள் பிரான்சின் பீங்கான் ஊரான லிமோஜில் படித்தவர். ஆனாலும் லிமோஜ் பீங்கானை அங்கே நகல் எடுக்கவில்லை. உள்ளூர் மண், சாம்பல், செம்பு இவற்றை வைத்தே பூச்சுகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அப்படி வந்ததுதான் பியென் ஹோவா பச்சை என்று பெயர் பெற்ற நிறம். 1925-இல் பாரிசில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சிக்குப் போய் அந்தப் பள்ளியின் பாண்டங்கள் பேர் வாங்கின. 1930-களில் பள்ளியில் படித்து வெளியே வந்த வியட்நாம் குயவர்கள் கூட்டுறவாகவே தொழில் செய்தார்கள். பாலிக் தம்பதி 1950-இல் போன பிறகும் வேலை நிற்கவில்லை. கலைப் பள்ளி இன்றும் அந்த ஊரில் நடக்கிறது.

இப்போது சொல்லுங்கள், அந்த விளக்கை பிரெஞ்சு என்று ஒரே வார்த்தையில் முடிக்கலாமா?

ஒரு நண்பர் என்னிடம் எதிர்வாதம் வைத்தார். "பள்ளியை ஆரம்பித்தது பிரெஞ்சு அரசு, பூச்சைக் கண்டுபிடித்தது பிரெஞ்சு அம்மாள், அப்போது நாடும் அவர்கள் கையில்தான். பிறகு பிரெஞ்சு என்றால் என்ன தப்பு?" நியாயமான கேள்விதான். ஆனால் மண்ணைப் பிசைந்தவர் யார், பூவைக் கீறியவர் யார், சூளைக்கு விறகு போட்டவர் யார்? காசு கொடுத்து வாங்கியவர் ஒரு தமிழ்க் குமாஸ்தா. கடையில் நின்று இதுதான் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர் வியட்நாம்காரப் பெண். பிரெஞ்சு என்ற ஒரு சொல் இந்த நான்கு பேரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அடித்துவிடுகிறது.

அடிபடுகிறவர்களில் நம் ஆட்கள் முக்கியமானவர்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனை பேர் அந்த நாட்டுக்குப் போனார்கள்! 1881-இல் வந்த சட்டப்படி தம் சொந்தக் குல வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு மாறியவர்கள் அங்கே உத்தியோகம் பார்த்தார்கள். குமாஸ்தா, போலீஸ், சந்தை வரி வசூல், காவல் என்று பல வேலைகள். செட்டியார்கள் வட்டிக் கடை வைத்தார்கள். சைகோன் நடுவில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு நம் ஆட்கள்மேல் முழுப் பிரியம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். வரி வாங்குகிறவனையும் வட்டி வாங்குகிறவனையும் எந்த ஊரில் விரும்புவார்கள்? நல்லதும் பொல்லாததுமான அந்த வாழ்க்கைக்கு நம் வீடுகளில் மிஞ்சியிருக்கிற சாட்சி இந்த மாதிரிச் சாமான்கள்தான். கடிதங்களைக் கறையான் தின்றுவிட்டது. போட்டோக்கள் புள்ளி விழுந்துவிட்டன. பீங்கானுக்குக் கறையானும் இல்லை, துருவும் இல்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை கேட்பதற்கு முன் பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள். இதற்கு நிபுணர் வேண்டாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பொருள் எந்த மண் என்று பாருங்கள். பிரெஞ்சில் மூன்று சொல் உண்டு: ஃபையான்ஸ், கிரே, பொர்செலேன். ஃபையான்ஸ் என்பது குறைந்த சூட்டில் சுட்ட மண், மேலே பூச்சு. பூச்சு பெயர்ந்த இடத்தில் தண்ணீர்த் துளி வைத்தால் உறிஞ்சும். கிரே என்பது நம் ஊறுகாய் ஜாடி இனம். கனம், உறிஞ்சாது. பொர்செலேன்தான் அசல் பீங்கான். மெல்லிய இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பின்னால் இருக்கிற விரல் நிழலாகத் தெரியும். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கும். டப்பென்று கேட்டால் எங்காவது மயிர்க்கீற்று விழுந்திருக்கலாம்.

அடுத்தது, விளக்கு விளக்காகவே பிறந்ததா என்று பார்க்க வேண்டும். பூ ஜாடியில் துளை போட்டு விளக்காக்கியது நிறைய உண்டு. வயர் வருகிற துளையைத் தடவிப் பாருங்கள். சுடுவதற்கு முன்பே போட்ட துளை என்றால் ஓரம் வழவழவென்று இருக்கும், சில சமயம் பூச்சும் உள்ளே இறங்கியிருக்கும். பிறகு டிரில் போட்டது என்றால் ஓரம் சொரசொரவென்று, சில்லு பெயர்ந்து இருக்கும். இரண்டில் ஒன்று மட்டம் என்று சொல்லவில்லை. ஜாடியை விளக்காக்கியதும் ஒரு வீட்டுக் கதைதான், அதையும் எழுதி வைக்கலாம். பல்பு மாட்டுகிற இடத்தையும் பாருங்கள். பிரான்சில் நம்மூர் மாதிரி இரண்டு பின் வைத்த பல்பும் புழங்கியது, திருகு பல்பும் புழங்கியது. ஆகையால் ஹோல்டரை மட்டும் வைத்து நாட்டைத் தீர்மானிக்க முடியாது. ஹோல்டர் எத்தனையோ முறை மாறியிருக்கும்.

மூன்றாவது, அடியில் உள்ள முத்திரை. இதில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். லிமோஜ் என்று இருந்தால் அது ஊர்ப் பெயர். அந்த ஊரில் தொழிற்சாலைகள் பல, நல்லதும் உண்டு, சாதாரணமும் உண்டு. வல்லோரிஸ் என்று இருந்தால் அது தெற்குப் பிரான்சில் கடலோரம் உள்ள குயவர் ஊர். பழைய காலத்தில் அடுப்பில் வைக்கும் சட்டிகளுக்குப் பேர் போனது. பிக்காசோ 1946-இல் அங்கே போய்ப் பார்த்து, ரமியே தம்பதி நடத்திய மதூரா பட்டறையில் வேலை செய்யத் தொடங்கினார். 1948 முதல் 1955 வரை அந்த ஊரிலேயே குடியிருந்தார். அவர் பேரால் கூட்டம் வந்தது. வருகிறவர்களுக்காக மீன் விளக்கு, சிப்பி விளக்கு என்று பட்டறைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. உங்கள் மீன் விளக்கில் வல்லோரிஸ் என்று இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் பிக்காசோவை இதில் இழுக்க வேண்டாம்.

நாட்டுப் பெயர் காலத்தைச் சொல்லும். அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிச் சாமானில் எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதியிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அதனால் ஜப்பான்காரர்கள் முதலில் நிப்பான் என்று போட்டார்கள், 1921-க்குப் பிறகு ஜப்பான் என்றார்கள். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1952-க்குள் செய்தது. கவுன் போட்ட அம்மணியும் தொப்பி வைத்த துரையுமாக நம் கண்ணாடி அலமாரிகளில் நிற்கிற ஜோடிப் பொம்மைகள் பலவற்றைக் கவிழ்த்தால் ஜப்பான்தான் வரும். ஐரோப்பிய முகம் இருப்பதால் ஐரோப்பாவில் பிறந்தது என்று ஆகிவிடாது. மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. பக்கத்தில் கோடு போட்டு இரண்டு எண் இருந்தால் பெரும்பாலும் முதல் எண் வடிவத்துக்கு, இரண்டாவது உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்பதற்கு. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், சரியாக வரும்போது ஒரு சந்தோஷம். பாரிசிலிருந்து லீவுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த மெலிந்த உடம்பு, சாம்பல்-நீல நிறப் பெண் பொம்மைகள் இருக்கின்றனவே, அவற்றில் நிறைய ஸ்பெயின் நாட்டுச் சரக்கு. வலென்சியா பக்கத்தில் 1950-களில் மூன்று சகோதரர்கள் ஆரம்பித்த லியாத்ரோ கம்பெனியும், அதைப் பார்த்துச் செய்தவர்களும் உலகம் முழுக்க விற்றார்கள்.

முத்திரையே இல்லாவிட்டால்? அதனால் பொருள் பழையது என்றும் ஆகாது, போலி என்றும் ஆகாது. காகித லேபிள் ஒட்டி விற்றது கழுவும்போது போயிருக்கும். முத்திரை இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். செவ்ர் அரசாங்கப் பட்டறையின் பின்னிய இரட்டை எழுத்தையும் மைசனின் இரட்டை வாளையும் மற்றவர்கள் போட்டுக்கொண்டது நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கிற வியாபாரம். மண், பூச்சு, அடிப்பாகம், முத்திரை நாலும் ஒத்துப் போனால்தான் நம்பலாம். ஆபீசில் கையெழுத்து மட்டும் பார்த்து பில் பாஸ் பண்ண மாட்டோம் அல்லவா, அந்த மாதிரி.

போனில் படம் பிடித்துத் தேடுவது தப்பில்லை. ஆனால் அது பார்ப்பது மேல் உருவத்தை. பச்சை, உருண்டை, கழுத்து என்று பார்த்து, இதே போல் இன்னொன்றைக் காட்டும். அடியைக் கவிழ்த்துக் காட்டினால் முத்திரையைக்கூடப் படித்துவிடலாம். 1956-இல் யார் துணியில் சுற்றி அதைக் கொண்டுவந்தார் என்று எந்தப் போனுக்கும் தெரியாது. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுதான் காரணம். தொழிற்சாலைப் பெயரை நூறு வருடம் கழித்தும் யாராவது கண்டுபிடிப்பார்கள், அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. உங்கள் அத்தை பெயருக்குப் புத்தகம் இல்லை.

இவையெல்லாம் பெரிய பணம் என்று யாரும் நம்ப வேண்டாம். ஆயிரக்கணக்கில் செய்த சாமான்கள், பெரும்பாலும் சில்லு பெயர்ந்தவை. விற்கக் கூடாது என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வெளிநாட்டில், நமக்கோ முட்டி வலி, மூன்று கட்டு வீட்டைக் கட்டிக் காக்க முடியாது. விற்கலாம், கொடுக்கலாம். பெயரோடு கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கடைக்காரர்கள்மேலும் குறை இல்லை. பிரெஞ்சு என்றால் விலை போகிறது, சொல்கிறார்கள். சைகோன் விளக்கு, புதுச்சேரிக் குமாஸ்தா வீட்டிலிருந்து வந்தது என்று கதையோடு சொன்னாலும் வாங்க ஆள் வருவார்கள் என்பது என் எண்ணம். சுற்றுலா வருகிறவர்களுக்குப் பிரான்சைப் பார்க்கப் பிரான்சே இருக்கிறது. இந்தக் கதை நம்மூரில்தான் கிடைக்கும்.

வைத்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவது போல் இதற்குப் போடாதீர்கள், தங்கக் கோடும் மேல் வண்ணமும் போய்விடும். ஈரத் துணி போதும். ஃபையான்ஸ் பொருளை ஊற வைக்கக் கூடாது. நூல் சுற்றிய பழைய வயரில் மின்சாரம் விடவே விடாதீர்கள், உள்ளே இருக்கிற ரப்பர் நொறுங்கியிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புது வயர் போடுங்கள். கழற்றிய பழைய ஹோல்டரை எறியாமல் கவரில் போட்டு வையுங்கள், அதுவும் அடையாளம்தான். சூடேறாத எல்.ஈ.டி. பல்பு போடுங்கள்.

பெயர் எழுதுவது சுலபம். பூச்சு இல்லாத அடிப்பாகத்தில் பென்சிலால் ஒரு எண். ஒரு சிறு நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே நான்கு வரி: என்ன பொருள், எங்கே செய்தது, யார் எப்போது கொண்டுவந்தது, எந்த வீட்டில் இருந்தது. தெரியாத வரியைக் காலியாக விடுங்கள். ஊகத்தை எழுதி நிரப்பாதீர்கள், அப்புறம் அதுவே உண்மையாகிவிடும். நோட்டைப் பீரோவில் பூட்ட வேண்டாம். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, பொருள் யாருக்குப் போகிறதோ அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

பெரியப்பா விளக்கு இப்போது அண்ணன் மகனோடு பிரான்சுக்குப் போய்விட்டது. கடைக்காரர் பட்டியலில் அந்த வரியை அவரே பெருந்தன்மையாக அடித்துக்கொடுத்தார். நான் எழுதிக் கொடுத்த சீட்டை அதன் உள்ளே வைத்திருக்கிறான். அதில் ஊர்ப் பெயருக்கும் வருடத்துக்கும் கீழே, பெரியம்மாவின் வியட்நாம் பெயரைத் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறேன். ஞானஸ்நானப் பெயரால் மட்டுமே நாங்கள் அவரைத் தெரிந்து வைத்திருந்தோம். சொந்தப் பெயரைத் தேட பழைய விவாகப் பதிவைப் பார்க்க வேண்டியிருந்தது. அவன், "அப்பாவைப் பெற்ற பாட்டியின் பேர் எனக்கே தெரியாதே சித்தப்பா" என்றான்.

பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பரணில் இருப்பதையும் கொஞ்சம் கவிழ்த்துப் பாருங்கள். பக்கத்தில் பேரப் பிள்ளை ஒருவரை நோட்டும் பென்சிலுமாக உட்கார வைத்துக்கொண்டால் நல்லது.